வினாவொன்றிற் பிறந்த பணி: புனித வின்சன் டி போல் சபையின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரான்சின் கைத்தொழில் நகரங்கள் செல்வத்தையும் வறுமையையும் ஒருங்கே பெருக்கின. லியோன் நகரப் பட்டு நெசவாளர் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர். 1832இல் பரிஸ் நகரிற் பரவிய வாந்திபேதி 18,000 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. புனித வின்சன் டி போல் சபையின் தோற்றத்தை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

லியோனில் வளர்ந்த பிரெட்ரிக் ஓசனாம் சட்டம் பயிலும் பொருட்டு 1831இற் பரிஸ் வந்தார். அங்கு மாணவர் கூடி வாதிட்ட வரலாற்றுக் கழகமொன்றிலே, திருச்சபை மனித சமுதாயத்துக்கு ஆற்றிய தொண்டுகளை அவர் எடுத்துரைத்தார். சான் சிமோனின் சமுதாயக் கொள்கையைத் தழுவிய மாணவர், பழம்பெருமை ஒருபுறமிருக்க, இன்று வறியோருக்காக நீங்கள் செய்வதென்ன என வினவினர். நூற்புலமையால் விடையிறுக்க முடியாத வினா அது.

1833ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி மாணவர் அறுவரும், பத்திரிகையாளரான இம்மானுவல் பெய்லியும் முதற் கூட்டத்தை நடத்தினர். இளைஞரிடம் ஆர்வமிருந்தது, அனுபவம் இருக்கவில்லை. மூவ்தார் பகுதியின் வறியோரிடையே நெடுங்காலம் பணியாற்றிய அருட்சகோதரி ரொசாலி ரொந்து அவர்களுக்கு வழிகாட்டினார். உதவி தேவைப்பட்ட குடும்பங்களை அவரே இனங்காட்டினார். பதினேழாம் நூற்றாண்டில் ஏழைகளுக்குத் தொண்டாற்றிய புனித வின்சன் டி போலின் பெயரைச் சபை பின்னர் ஏற்றுக்கொண்டது.

வறியோரை அவர்தம் இல்லத்துக்கே சென்று காணுதல் சபையின் அடிப்படை நடைமுறையாயிற்று. உறுப்பினர் கூடித் தாம் கண்ட குடும்பங்களின் நிலையை ஆராய்ந்தனர்; எவர் எவ்வளவு ஈந்தாரென்பது பிறர் அறியாவண்ணம் தம்மிடையே பணம் சேர்த்தனர். கொடுப்போன் ஏழையின் வாசற்படி ஏறியபோது, வறுமை அவனுக்குப் புத்தகப் பொருளாக இருந்த நிலை மாறியது.

எனினும், தருமம் நீதிக்கு ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானதே. ஓசனாம் இதனை உணராதவரல்லர். லியோனில் வணிகச் சட்டம் கற்பித்த காலத்தில், தொழிலாளியின் கூலி அவன் பிழைப்புக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் போதியதாயிருத்தல் வேண்டுமென அவர் வாதிட்டார். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக் காலத்திலும் பத்திரிகை வாயிலாகத் தொழிலாளர் துயரை எழுதினார். தருமம் துயரைத் தணிக்கலாம். துயரின் காரணத்தைக் களைதல் நீதியின் பொறுப்பு என்பதே அவர் நிலைப்பாடு எனலாம். சபை முழுவதும் இந்நிலைப்பாட்டை அவரளவு அழுத்தமாக ஏற்றதெனக் கூறுதல் கடினம். இல்லந்தோறும் செல்வோர் பலராயினர்; கூலி பற்றிப் பேசியோர் சிலரே.

ஆயினும் ஆட்சியாளர் இத்தகைய அமைப்பையும் ஐயுறவுடனேயே நோக்கினர். மூன்றாம் நெப்போலியனின் அரசு 1861இற் சபையின் மத்திய அவைக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. அரசின் பிடிக்கு அப்பால் மக்கள் ஒன்றுகூடுவதே அச்சந் தருவதாயிற்று.

ஓசனாம் 1853இல், தமது நாற்பதாவது வயதிற் காலமானார். 1997இற் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. அவர் தொடக்கிய சபை இன்று பல நாடுகளிற் பணியாற்றுகின்றது. பல்கலைக்கழக விவாதமொன்றில் எதிரணியினர் தொடுத்த வினாவே அதற்கு வித்திட்டது என்பதை வரலாறு பயில்வோர் மறத்தலாகாது.