முதல் தாரத்துப் பிள்ளை: வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும்

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் அமுலுக்கு வந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய எண்ணினால், சிறு பிள்ளைகளை அவனுடைய மாமியாரோ நெருங்கிய உறவினரோ எடுத்து வளர்ப்பது வழக்கம். அவன் அவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், தேடிய தேட்டத்தில் பாதியையும் கூடவே கொடுத்தாக வேண்டும். சரியாக 200 வருடம் கழித்து, ஆங்கிலேயர் காலத்தில், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வந்தது. கொழும்புத் தமிழர் இன்றும் விவாகரத்துக்குப் போவது அதன் கீழ்தான். அதில் முதல் தாரத்துப் பிள்ளையைத் தேடினால் ஓரிடத்தில் கிடைப்பாள். ஓர் ஆண் யார் யாரை மணக்கக் கூடாது என்ற பட்டியலில், மனைவிக்கு வேறொருவர் மூலம் பிறந்த மகளாக.

தேசவழமை இன்று பெரும்பாலும் சொத்து விஷயத்தில்தான் செல்லுபடியாகும். பிள்ளையை எடுத்து வளர்க்கும் பகுதி சட்டமாக நிற்கவில்லை, பழக்கமாக நிற்கிறது. அந்தப் பழக்கத்தைக் கொழும்பின் வெள்ளவத்தையில் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையில் அவ்வளவு பார்க்க முடியாது. நான் சொல்வது பொதுப்போக்கு மட்டும்தான். கொட்டாஞ்சேனையில் யாழ்ப்பாணத்தவர் உண்டு, வெள்ளவத்தையில் கத்தோலிக்கர் உண்டு.

இரண்டு பகுதியாரும் விவாகரத்துக்கு ஏறி இறங்குவது புதுக்கடை மாவட்ட நீதிமன்றம்தான். 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுச் சென்றமை, மணம் செய்தபோதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சாட்டியே ஆகவேண்டும். கண்டியச் சட்டப்படி மணந்தவர்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் பரஸ்பரச் சம்மதத்தையே ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, ‘கைவிட்டுப் போனவள்’ என்று தாயைக் குறிக்கும் ஒரு தாள் கோவையில் ஏறிவிடுகிறது. நிபந்தனைத் தீர்ப்பு கிடைத்து, 3 மாதம் கழிந்து, முடிவான தீர்ப்பும் வந்தால் நீதிமன்றத்துக்கு அந்தத் தாளோடு வேலை முடிந்தது. சொந்தக்காரருக்கு முடிவதில்லை. மகள் பதினேழு வயதில் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரியும் நாளில் அதை மறுபடி வெளியே எடுப்பார்கள். தாய் சரியாக இருந்தால் பிள்ளை ஏன் இப்படிப் போகிறது என்பார்கள். தகப்பனைப் பற்றி அந்தக் கேள்வி எழுவது அபூர்வம்.

வெள்ளவத்தைக் கதை பெரும்பாலும் ஒரு ஃபிளாட்டில் தொடங்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, ஒழுங்கைக்குள் எழும்பிய மாடிக் கட்டடத்தில் அது தாயின் சீதனம். உறுதி அவள் பெயரில். ஆனால் அவள் தேசவழமைக்கு உட்பட்டவளென்றால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அந்த அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கனடாவில் இருந்துகொண்டு பதில் போடாவிட்டால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தை நாட வேண்டும். விவாகரத்து வழக்கு முடிந்து இரண்டாம் கணவர் வந்து குடியேறுவதும் அதே ஃபிளாட்டில்தான். முதல் திருமணத்துக்காக மாமனார் வாங்கிய வீட்டில் அவர் விருந்தாளி மாதிரி இருக்கிறார். மகளோ அம்மம்மாவின் அறைக்குப் போய்விடுகிறாள். அம்மம்மா வேறு வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கே போய்விடுகிறாள். யாரும் துரத்துவதில்லை. 1707இல் எழுதியபடி நடக்கிறது, சொத்து மட்டும் கூடப் போவதில்லை.

கொட்டாஞ்சேனையில் அனுப்பி வைக்க இன்னோர் அறை இல்லை. ஜம்பட்டா வீதியைச் சுற்றிய ஒடுக்கமான வீடுகளில் தாய், அவளுடைய இரண்டாம் கணவரான சித்தப்பா, முதல் தாரத்துப் பிள்ளைகள், புதிதாகப் பிறந்த தம்பி எல்லாரும் ஒரே கூரையின் கீழ். கத்தோலிக்கக் குடும்பமென்றால் புதுக்கடை பாதிதான். திருச்சபை அந்த விவாகரத்தை ஏற்பதில்லை. முதல் மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் சொன்னால்தான் கோயிலில் இன்னொரு கலியாணம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் இந்த நடைமுறையைச் சுருக்கினார். இயன்றவரை இலவசமாகச் செய்யும்படியும் கேட்டார். அது கிடைக்கும்வரை தாய் ஞாயிறு பூசையில் நற்கருணை வரிசைக்கு எழுந்து போவதில்லை. பக்கத்தில் இருக்கும் மகள் எழுந்து போகிறாள். முதல் நற்கருணை வகுப்பு முடித்த பிள்ளைக்கு இதன் அர்த்தம் யாரும் சொல்லாமலே விளங்கும்.

இனி கர்ப்பம். 1995இல் இரண்டு திருத்தங்கள் ஒரே வருடத்தில் வந்தன. ஒன்று, பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயதை 16 ஆக்கியது. மற்றது, பொதுச் சட்டப்படி மணவயதை 18 ஆக்கியது. அதற்கு முன் பெண்ணுக்கு 12 போதும். இஸ்லாமியருக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் தனி. இரண்டு திருத்தமும் தேவையானவையே. ஆனால் 16க்கும் 18க்கும் நடுவே, ‘கட்டி வைத்துவிடுவோம்’ என்ற பழைய பரிகாரம் சட்டப்படி இல்லாமற்போனது. கருக்கலைப்போ 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவைப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே. 16க்குக் கீழே என்றால் விஷயம் பொலிசுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் போகும். பெடியனும் 18க்குக் கீழேதான், அவளும் சம்மதித்தாள் என்றால் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடமுண்டு, குற்றம் குற்றம்தான்.

வெள்ளவத்தை இதை மறைக்கப் பார்க்கிறது. மறைக்க அதற்கு வசதியும் இருக்கிறது: தனியார் டொக்டர், தூரத்து ஊரில் ஒரு பெரியம்மா, இந்தியாவுக்கு ஒரு டிக்கெட். ‘பிள்ளைக்கு உடம்பு சரியில்லை’ என்று பாடசாலைக்கு ஒரு கடிதம் போகும். பெயர் காப்பாற்றப்படுகிறது, ஆனால் கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டிய முதல் மாதங்கள் போய்விடுகின்றன. கொட்டாஞ்சேனையில் தாய்க்கு முன்பே பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிடும். நாலு நாள் தெரு முழுக்க அதே பேச்சு. ஐந்தாம் நாள் அதே அக்காதான் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி மாநகரசபைக் கிளினிக்கில் பெயர் பதிய வைக்கிறாள். அங்கே நிறை பார்க்கிறார்கள், இரத்தம் சோதிக்கிறார்கள், இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷ பைக்கற்றும் கொடுக்கிறார்கள். அவமானம் அதிகம், மருத்துவமும் நேரத்துக்கு. படிப்பு மட்டும் இரண்டு இடத்திலும் நின்றுபோகிறது. வெள்ளவத்தையில் திரும்பத் தொடங்க வாய்ப்பு அதிகம். எது மேல் என்று கேட்டால், வயிற்றில் பிள்ளை இருக்கும் அந்த மாதங்களுக்குக் கொட்டாஞ்சேனை, அதற்குப் பிந்திய வருடங்களுக்கு வெள்ளவத்தை என்பேன்.

சித்தப்பாவின் நிலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யார் என்று பெண் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் எல்லாக் கண்ணும் அவர்மேல். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் மனைவியின் மகளோடான உறவையும் முறைதகா உறவாகச் சேர்த்துக் குற்றமாக்கியது, காரணத்தோடுதான். அதனால் பிள்ளையைத் தாய் இல்லாமல் தனியாக விசாரிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்துவதைக் குடும்பங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தவறு செய்யாத மனிதருக்கும் அதைவிட நல்ல காவல் இல்லை. கொட்டாஞ்சேனையில் இந்த விசாரணை நடந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் அது நடக்காமலே போவதுண்டு. பிறகு அந்தச் சந்தேகம் சாப்பாட்டு மேசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

குழந்தை பிறந்ததும் பதிவு. மணமாகாத தாயென்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். பெடியன் வீட்டார் வரமாட்டார்கள் என்றால் அந்த இடம் வெற்றிடம். இதைத் தாங்காமல் அம்மம்மா தன்னையே தாயாகப் பதிய நினைப்பதுண்டு. அது பொய்ப் பதிவு, குற்றம். வளர்ப்பவருக்கு உரிமை வேண்டுமென்றால் 1941ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் மூலமாக.

தகப்பன் பெயர் ஏறாவிட்டாலும் அவன் தப்பிவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் பொருந்தும். தந்தைமையை நிரூபித்தால் நீதவான் மாதப் பணம் கட்டச் சொல்லலாம். கொட்டாஞ்சேனைத் தாய் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரித்து, பேத்திக்காக அந்த வழக்கைப் போட்டுவிடுவாள். ஊருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. வெள்ளவத்தையில் வழக்குப் போட்டால் பெயர் வெளியே வரும் என்று போடமாட்டார்கள். பால்மாக் காசு சித்தப்பாவின் சம்பளத்திலிருந்து போகும், பிரிந்து போன, பெண்ணின் சொந்தத் தகப்பன் கனடாவில் இருந்து ஒரு சதமும் அனுப்பாமல் இருப்பான்.