அரச பதவியும் 1971உம்: திரிதிவ் ராயின் முடிவைப் புரிந்துகொள்ளல்

சக்மா அரசர் திரிதிவ் ராயை (1933–2012) வங்கதேசத்தில் துரோகி என்று ஒதுக்கிவிட்டார்கள். பாகிஸ்தானில் அவர் கடைசிவரை மாறாத விசுவாசி. கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகப் பிரிந்த 1971 போரில் அவர் பாகிஸ்தான் பக்கம் நின்றார் என்பதோடு இரு தரப்பும் நின்றுவிடுகின்றன. அவருடைய அரச பதவி எதன்மேல் நின்றது என்று கேட்டால்தான் அந்த முடிவு விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சக்மா மக்கள் வாழும் சிட்டகாங் மலைப்பகுதிக்கு ஆங்கிலேயர் 1900இல் தனி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தனர். அதன்படி சக்மா, போமாங், மாங் என்ற மூன்று வட்டங்களின் தலைவர்களும் ஜூம் என்னும் இடம்பெயர் சாகுபடிக்கான வரியைத் தண்டினர். குல வழக்குகளைத் தீர்த்தனர். ஆக, 1953இல் அரியணை ஏறிய திரிதிவ் ராய் குடிகளுக்கு மரபுவழி அரசர். அரசாங்கத்துக்கோ அதன் அங்கீகாரத்தில் இயங்கும் வரி வசூலிப்பாளர்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கர்ணபூலி ஆற்றில் காப்தாய் அணையைக் கட்டியது பாகிஸ்தான் அரசுதான். 1960களின் தொடக்கத்தில் நீர் ஏறியபோது மலைப்பகுதியின் விளைநிலத்தில் சுமார் 40 விழுக்காடு மூழ்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். ரங்கமாட்டியில் இருந்த அரண்மனையும் தப்பவில்லை. 1964இல் மலைப்பகுதியின் சிறப்புத் தகுதியும் பறிபோனது. அப்படிப்பட்ட அரசை அவர் ஏன் ஆதரிக்க வேண்டும்? விடை அந்த 1900 சட்டத்தில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அச்சட்டமும் வட்டத் தலைவர் பதவியும் நடைமுறையில் நீடித்தன. குடிகளின் நிலத்தை எடுத்துக்கொண்ட அரசு அரசரின் அதிகாரத்தை விட்டுவைத்தது. (குடிகள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி, அரசருக்கு அது சங்கடமான கேள்வியும்கூட.)

1970 தேர்தலில் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி விடுத்த அழைப்பை ஏற்காமல் சுயேச்சையாக நின்று வென்றார். கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் அவாமி லீக்கிடம் சிக்காதவை இரண்டே, ஒன்று இவருடையது. வங்காளி தேசியத்தின் அலையில் தம் பதவிக்கு இடமிருக்காது என்று அவர் கணித்திருக்க வேண்டும். அது வீண் அச்சமல்ல என்பதற்கு மலைப்பகுதி அரசியல்வாதி மனபேந்திர நாராயண் லார்மாவே சாட்சி. அணையை எதிர்த்துச் சிறை சென்ற இவர் அரச குலத்தவர் அல்லர். அப்படியிருந்தும் 1972இல் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரகுமானிடம் வைத்த கோரிக்கைகளில் 1900 சட்டமும் வட்டத் தலைவர் பதவியும் நீடிக்க வேண்டும் என்பவை இருந்தன. முஜிப் ஏற்கவில்லை. குடிமக்கள் அனைவரும் வங்காளியரே என்று அவ்வாண்டின் அரசியலமைப்பு எழுதிவைத்தது.

அதே ஆண்டு ஐ.நா.வில் வங்கதேசம் சேருவதைத் தடுக்கப் பாகிஸ்தான் திரிதிவ் ராயின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. முஜிப் அனுப்பிய குழுவில் திரிதிவ் ராயின் தாய் பினிதா ராய் இருந்தார்; மகனை மீட்டுவரும் பொறுப்பு அவருக்கு. மகன் அசையவில்லை. சீனா தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தியது; பாகிஸ்தான் திரும்பியவரை அந்நாட்டு அதிபர் பூட்டோ வீரராக வரவேற்றார். அமைச்சர், அர்ஜென்டினாவில் தூதர் எனப் பதவிகள் வந்தன. மலைக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை, இஸ்லாமாபாத்தில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற அரச பதவி மகன் தேவாசிஷ் ராயிடம் போனது. பொது இடங்களிலிருந்து திரிதிவ் ராயின் பெயரை நீக்கும்படி டாக்கா உயர் நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், 1900 சட்டம் இன்றும் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு தீர்ப்பளித்தது.