மார்பக ஸிலிகோன் பை நீக்கமும் மூட்டு நோவும்

மார்பகத்தைப் பெரிதாக்கும் நோக்குடனோ, புற்றுநோயினால் இழந்ததை மீண்டும் உருவாக்கும் நோக்குடனோ தேகத்தினுள் வைக்கப்பட்ட ஸிலிகோன் பையை, அது கிழிந்தமையாலோ, அதைச் சுற்றிய வடுத் திசு இறுகி வலித்தமையாலோ, அதனால் தம் ஆரோக்கியம் குன்றியதென்ற எண்ணத்தாலோ வெளியே எடுத்துவிடும் சஸ்திர சிகிச்சையே பை நீக்கமாகும். அதை நாடி வருவோர் முறையிடும் உபாதைகளுள் மூட்டு நோவு முக்கியமானது. விரல்களிலும் மணிக்கட்டுகளிலும் முழங்கால்களிலும் தோன்றும் இந்நோவு, காலையில் எழுந்தவுடன் விறைப்பாக இருந்து, நடமாட நடமாடச் சற்றே இளகுவதாகவும், தீராத சோர்வு, மறதி, தூக்கமின்மை, முடி உதிர்தல் ஆகியவற்றோடு சேர்ந்தே வருவதாகவும் அவர்கள் கூறுவர். இக்குறிகளின் தொகுதியை அமெரிக்கப் பெண்கள் மார்பகப் பை நோய் என்று வழங்கினாலும், நிச்சயமான பரிசோதனை எதுவும் இல்லாமையால், வைத்திய சாஸ்திரம் அதனைத் தனியொரு வியாதியாக இன்னும் வரையறுக்கவில்லை.

ஸிலிகோன் கூழ் அடைத்த பையை முதன்முதல் 1962-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்னும் வைத்தியர் இருவர் ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். அப்பெண்மணி மருத்துவமனைக்கு வந்ததோ மார்பில் குத்தியிருந்த பச்சையை அழித்துக்கொள்வதற்காக! உடலினுள் வைக்கும் சாதனங்களைச் சர்க்கார் மேற்பார்வையிடும் சட்டம் அமெரிக்காவில் 1976-இல்தான் இயற்றப்பட்டது; ஆகவே, முதற் பதினான்கு ஆண்டுகளில் இப்பைகளைத் தாங்கியவர்கள் சர்க்கார் சோதித்து அனுமதிக்காத ஒரு பொருளையே தாங்கினர். தம் நோய்க்குப் பைகளே காரணமென்று பெண்கள் தொடுத்த வழக்குகள் பெருகிய பிறகு, 1992-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஸிலிகோன் பைகளின் பொது விற்பனையை நிறுத்தி, ஆராய்ச்சிக்கும் புற்றுநோய்க்குப் பிந்திய மறு உருவாக்கத்துக்கும் மட்டும் அனுமதித்தது. அவற்றைத் தயாரித்த டௌ கார்னிங் கம்பெனி 1995-இல் திவால் மனுச் செய்துகொண்டது.

ஆயினும் விஞ்ஞானிகளின் தீர்ப்பு வழக்குமன்றத் தீர்ப்பை ஒத்திருக்கவில்லை. மேயோ மருத்துவ நிலையத்தார் பை வைத்துக்கொண்ட 749 பெண்களைப் பிறரோடு ஒப்பிட்டு 1994-இல் வெளியிட்ட ஆய்விலும், அமெரிக்க மருத்துவக் கழகம் 1999-இல் அளித்த விரிவான அறிக்கையிலும், முடக்குவாதம் போன்ற பெயர் பெற்ற நோய்களைப் பைகள் உண்டாக்குகின்றன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. 2006-இல் அவை மீண்டும் விற்பனைக்கு வந்தன. எனினும் பெயர் பெற்ற நோய் இல்லை என்பதும் நோவே இல்லை என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிய வைத்தியர் பலர், வலியோடு வந்த பெண்களை மனப்பிரமை என்று சொல்லி அனுப்பியது அத்தொழிலுக்குப் பெருமை தருவதன்று. 2021-இல் அதே உணவு மருந்து நிர்வாகம் ஒவ்வொரு பையோடும் அளிக்க வேண்டிய கட்டமிட்ட எச்சரிக்கையில், உடல் முழுவதும் தோன்றும் குறிகளையும் குறிப்பிடும்படி பணித்தது.

தேகம் தன்னுள் புகுந்த அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு வடு உறையைப் பின்னிக்கொள்வது இயல்பு. அவ்வுறையைப் பையுடன் சேர்த்து உடையாமல் எடுத்தால்தான் குணம் உண்டாகும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடையே பரவியுள்ளது. ஆனால் 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தம் குறிகளுக்குப் பையே காரணமெனக் கருதிய 50 பெண்களுள், உறை முழுவதையும் எடுத்துக்கொண்டவர்க்கும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்க்கும், குறிகள் தணிந்த அளவில் வேறுபாடு தென்படவில்லை. உறை விலா எலும்போடு ஒட்டியிருக்குமிடத்தில் அதை உரித்தெடுப்பது நுரையீரலைச் சூழ்ந்த சவ்வைக் கிழித்துவிடவும் கூடுமாகையால், முழு நீக்கத்தை வற்புறுத்துவது எல்லோர்க்கும் ஏற்றதன்று. சொரசொரப்பான பைகளோடு தொடர்புள்ள அரிய நிணநீர்ப் புற்று கண்டறியப்பட்டவிடத்து மட்டும் உறையை முற்றிலும் அகற்றுவதே விதி.

நீக்கத்திற்குப் பின் சிலர்க்குச் சில வாரங்களிலேயே மூட்டுகள் இலேசாகின்றன; சிலர்க்கு மாதங்கள் செல்கின்றன; சிலர்க்கு நோவு நீங்குவதேயில்லை. இம்மூன்றாம் வகையினரைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பை போயும் வலி போகவில்லையெனில், காரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். தைராய்டு குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாறுதல், மெய்யாகவே தொடங்கிவிட்ட முடக்குவாதம் ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையாலும் மூட்டு நோய் நிபுணரின் கையாலும் தேடியறிய வேண்டும். புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தை மறுபடி உருவாக்கிக்கொண்டவர்கள் உட்கொள்ளும் லெட்ரோஸோல், அனாஸ்ட்ரோஸோல் முதலிய மாத்திரைகளே பலர்க்குக் கைகளில் கடும் விறைப்பை உண்டாக்கும். பழியைப் பையின்மேல் போட்டுவிட்டு இதை மறந்துவிடுவதுண்டு. அம்மாத்திரையைத் தாமே நிறுத்துவது ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று புற்றுநோய் வைத்தியரைக் கேட்பதே முறை.

தோள் வலி தனிக் கவனத்திற்குரியது. மார்புத் தசையின் அடியில் இருந்த பை எடுக்கப்பட்டபின் வலிக்கு அஞ்சிக் கையை அசையாமல் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்பவர்க்கு, சில வாரங்களில் தோள்மூட்டு இறுகிப்போவதுண்டு. ஆகவே சஸ்திர வைத்தியர் அனுமதித்தவுடன் விரல்களைச் சுவரில் பதித்து மேலே நகர்த்துவது போன்ற மெல்லிய பயிற்சிகளைத் தொடங்குவர். நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்குதல் விலக்கப்படும். நடப்பதோ, இரத்தம் கட்டாமலிருக்கும் பொருட்டு, முதல் நாளிலிருந்தே வற்புறுத்தப்படும். வடிகுழாய் இருக்கும்வரை அதில் சேரும் நீரின் அளவைக் குறித்து வைப்பர். வலிக்குப் பாரஸிடமால் பெரும்பாலும் தடையின்றி அனுமதிக்கப்படும். ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடுமாதலால், அவற்றை எப்போது தொடங்கலாம் என்பது வைத்தியர் சொல்லவேண்டியது. புகையிலை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஜுரம், ஒருபக்க மார்பு திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவை தோன்றினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டு கண்ணுக்குத் தெரியுமாறு வீங்கிச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், எடுத்த பையின் வரலாற்றை ஒருபுறம் வைத்து, அதனை ஒரு மூட்டு நோயாகவே பரிசோதிப்பர்.