இந்திய வான்வழிப் போக்குவரத்தில் இணைப்புகளின் வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உபரியாகிப்போன டகோட்டா வகைப் போக்குவரத்து விமானங்கள் சொற்ப விலைக்குக் கிடைத்தமையாலும், 1946இல் அமைக்கப்பட்ட உரிமக் குழு தாராளமாக உரிமங்களை வழங்கியமையாலும், இந்தியாவில் சில ஆண்டுகளுக்குள்ளேயே பயணிகளின் எண்ணிக்கை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் விமான நிறுவனங்கள் பெருகின. இப்பெருக்கத்தால் விளைந்த நட்டத்தை ஆராய நீதிபதி ராஜாத்யக்ஷ தலைமையில் 1950இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய வான்வழிக் கழகச் சட்டம் எட்டு நிறுவனங்களின் உள்நாட்டுச் சேவைகளை இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே கழகத்தின் கீழும், வெளிநாட்டுச் சேவைகளை ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் கீழும் கொண்டுவந்தது. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்கும் அஞ்சல் பைகளைச் சுமந்து பறந்ததில் தொடங்கிய டாட்டா நிறுவனமும் இவ்வாறே அரசின் கைக்கு மாறியது.

1953இன் இணைப்பு நிலைத்ததற்கு அதன் நிர்வாகத் திறனைக் காட்டிலும், போட்டியாளர் எவரும் சட்டப்படி இருக்க முடியாது என்பதே காரணம் எனலாம். அந்தத் தடை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தளர்த்தப்பட்டதும், ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், ஜெட் ஏர்வேஸ் ஆகியவை களத்தில் இறங்கின; 1994இல் அது முற்றிலும் நீக்கப்பட்டது. காற்றாலைத் தொழிலில் பெயர்பெற்றிருந்த சென்னையின் என்.இ.பி.சி. குழுமம் தொடங்கிய விமான நிறுவனம் 1995இல் தமானியாவை விலைக்கு வாங்கித் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டது. 1997க்குள் இரண்டும் நின்றுபோயின. தள்ளாடும் ஒரு நிறுவனம் தள்ளாடும் இன்னொன்றை வாங்கும் இப்போக்கு, பின்னர் மிகப் பெரிய அளவில் மறுபடியும் நிகழ இருந்தது.

2003 ஆகஸ்டில் கேப்டன் கோ. ரா. கோபிநாத்தின் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியபோது, குறைந்த கட்டண விமானச் சேவை என்னும் முறை இந்தியாவுக்குள் நுழைந்தது. இலவச உணவைக் கைவிடுவதும், பயணச்சீட்டைப் பெரும்பாலும் இணையத்தில் விற்பதும், ஒரே வகை இருக்கைகளை நெருக்கமாகப் பொருத்துவதும், தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் மறுபடி கிளப்புவதும் அம்முறையின் கூறுகள். ஹூப்ளி போன்ற ஊர்களுக்குச் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களில் சேவை நடத்தி, ஒரு ரூபாய்க்கும் சில இருக்கைகளை விற்ற அந்நிறுவனத்தால், பழைய நிறுவனங்களும் தம் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. விமான எரிபொருள் மீது மாநிலங்கள் விதித்த விற்பனை வரி பல இடங்களில் 25 விழுக்காட்டை எட்டியிருந்த நாட்டில், அக்கட்டணங்கள் செலவை ஈடுகட்டவில்லை.

இந்த நெருக்கடிக்கு விடையாகவே 2007இல் மூன்று இணைப்புகள் நடந்தேறின. ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு ஏர் சஹாராவை வாங்கி அதற்கு ஜெட்லைட் எனப் பெயரிட்டது. கிங்ஃபிஷர் 550 கோடி ரூபாய்க்கு ஏர் டெக்கானின் 26 விழுக்காட்டுப் பங்குகளை முதலில் பெற்று, பிறகு முழுமையாகத் தன்னுள் இணைத்துக்கொண்டது. அரசோ ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது.

கிங்ஃபிஷரின் கணக்கில் இன்னொரு நோக்கமும் இருந்தது. ஐந்தாண்டுகள் உள்நாட்டில் பறந்து, இருபது விமானங்களையும் வைத்திருக்கும் நிறுவனமே வெளிநாடுகளுக்குப் பறக்கலாம் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. 2005இல் பிறந்த கிங்ஃபிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டியிருக்க, டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டிலேயே ஐந்தாண்டுகள் நிறைவுற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிங்ஃபிஷரின் விமானம் புறப்பட்டது. ஆனால் அதற்குச் சற்று முன்பு, ஜூலையில், கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 147 டாலரைத் தொட்டிருந்தது. மலிவுக் கட்டணத்துக்கென வகுக்கப்பட்ட டெக்கானைக் கிங்ஃபிஷர் ரெட் எனப் பெயர் மாற்றி, ஆடம்பரச் சேவையின் செலவோடு பிணைத்த நிறுவனம், 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது.

அரசு நிறுவனங்களின் இணைப்பில் விமானங்களைக் காட்டிலும் மனிதர்களை ஒன்றுசேர்ப்பதே கடினமாயிற்று. ஏர் இந்தியா போயிங் விமானங்களையும் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் விமானங்களையும் பெரிதும் சார்ந்திருந்ததோடு, ஊதியமும் பதவி உயர்வு முறையும் இரண்டிலும் வெவ்வேறாக இருந்தன. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தை ஓட்டும் பயிற்சியை எத்தரப்பு விமானிகளுக்கு அளிப்பது என்ற பூசல், 2012இல் ஏறத்தாழ இரண்டு மாத வேலைநிறுத்தமாக வெடித்தது. ஒரே பெயரின் கீழ் இரண்டு நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கின என்பதே பொருத்தமான விவரிப்பு.

இக்காலம் முழுவதும் எந்த நிறுவனத்தையும் வாங்காமலே வளர்ந்தது 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ. ஒரு விமானம்கூடக் கையில் இல்லாத 2005ஆம் ஆண்டிலேயே அது நூறு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆணை கொடுத்திருந்தது. மொத்தமாக வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடி விலையில் விமானத்தைப் பெற்று, அதைக் குத்தகை நிறுவனம் ஒன்றுக்கு விற்று, அந்நிறுவனத்திடமிருந்தே சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுப்பது அதன் வழக்கம். இதனால் முதலீடு முடங்காமல் இருந்ததுடன், பெரும் பழுதுபார்ப்புக்கு உரிய வயது வருமுன்பே விமானத்தைத் திருப்பித் தரவும் முடிந்தது. முதல் பத்தாண்டுகளில் ஒரே வகை விமானமே இருந்தமையால், விமானிகளின் பயிற்சி, உதிரிப் பாகங்களின் இருப்பு ஆகிய இரண்டிலும் செலவு குறைந்தது. போட்டியாளர்கள் ஒவ்வொருவராய் வீழ, 2024இல் உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அதன் விமானங்களிலேயே பறந்தனர்.

2022 ஜனவரியில் 18,000 கோடி ரூபாய் மதிப்பில், அதில் 15,300 கோடியைக் கடனாக ஏற்று, டாட்டா குழுமம் ஏர் இந்தியாவைத் திரும்பப் பெற்றது. 2024 நவம்பரில், டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திவந்த விஸ்தாராவும் அதனுடன் இணைக்கப்பட, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 விழுக்காட்டுப் பங்குதாரரானது. இம்முறை வாங்கியவரிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை என்பதே 2007இலிருந்து உள்ள முதன்மையான வேறுபாடு. விந்தையாக, அதே மாதத்தில்தான் குறைந்த கட்டண நிறுவனமான இண்டிகோ டெல்லி–மும்பை வழித்தடத்தில் உயர்வகுப்பு இருக்கைகளை அறிமுகப்படுத்தியது. நெடுந்தூரப் பயணத்துக்கான ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்கும் அது அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆணை கொடுத்துவிட்டது.