ஐந்து வாரமா, மூன்று வாரமா?

ஒரே தெருவில் இரண்டு ராத்தாமார். இருவருக்கும் மார்பகப் புற்றுநோய். இருவருக்கும் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. அதன் பின் கதிர்ச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஐந்து வாரம் என்றார்கள், மற்றவருக்கு மூன்று வாரம். "எனக்கு நோய் கூடவோ?" என்று ஒரு வீட்டில் பயம். "எனக்குக் குறைச்சு விட்டுட்டாங்களோ?" என்று மற்ற வீட்டில் பயம். இரண்டுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

கட்டியை எடுத்த பிறகும் கதிர் எதற்கு? ஒரு காலத்தில் முழு மார்பையும் அதன் அடியிலுள்ள தசையையும் சேர்த்தே வெட்டி எடுத்தார்கள். அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர் என்ற வைத்தியரின் குழு 1976இல் தொடங்கிய ஆய்வு, கட்டியை மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று காட்டியது. ஆனால் 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கதிர் பெறாதவர்களில் சுமார் 39 வீதமானோருக்கு அதே மார்பில் நோய் திரும்பியிருந்தது. பெற்றவர்களில் அது 14 வீதம்தான். ஆகவே கதிர் தேவை என்பது முடிவானது. எத்தனை நாள் என்பது முடிவாகவில்லை.

பிரித்தானியாவில் அது ஊருக்கு ஊர் வேறுபட்டது. பல இடங்களில் 25 தடவைகளாக ஐந்து வாரம். மான்செஸ்டரின் கிறிஸ்டி வைத்தியசாலை போன்ற இடங்களில் மூன்று வாரம். அங்கங்கே மூத்த வைத்தியர்கள் பழக்கியதே வழக்கமாகி நின்றது. எது நல்லது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் குறைவு.

அதன் விலையைச் சில பெண்கள் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் பழுதாகி, கை வலித்து, செயலிழந்தது. 1990களின் தொடக்கத்தில் அவர்களே ஒன்றுகூடி, "எங்களுக்கு ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்டார்கள். 1995இல் வெளியான விசாரணை, மார்புக்கும் கமக்கட்டுக்கும் தனித்தனியாகக் கதிர் கொடுக்கும்போது நோயாளியை இடையில் அசைத்துக் கிடத்தியதை முக்கிய காரணமாகச் சொன்னது. அளவு மட்டுமல்ல, கொடுக்கும் விதமும் முக்கியம் என்பது தெரிந்தது.

1999இல் 'ஸ்டார்ட்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. அதன் ஒரு பகுதியில் 2,215 பெண்கள். பாதிப் பேருக்கு 25 தடவைகளில் 50 கிரே, மற்றவர்களுக்கு 15 தடவைகளில் 40 கிரே. கிரே என்பது கதிரின் அளவு. 2008இல் முடிவு வந்தது: மூன்று வாரம் நோயைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கவில்லை, பக்கவிளைவும் கூடவில்லை. அடுத்த ஆண்டே அந்நாட்டு வழிகாட்டி மூன்று வாரத்தைப் பரிந்துரைத்தது. 2020இல் 'ஃபாஸ்ட்-ஃபோர்வர்ட்' ஆய்வின் ஐந்தாண்டு முடிவு, பலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவைகளும் போதும் என்றது.

ஆகவே குறைந்த நாள் என்றால் குறைந்த சிகிச்சை அல்ல. பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் ஒரு தாய்க்கு இரண்டு வாரம் மிச்சமாவது சின்ன விஷயமும் அல்ல.

நாள் கூடுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. முழு மார்பும் எடுத்தவரா, நிணநீர்க் கணுவுக்கு நோய் பரவியதா, கட்டி இருந்த இடத்துக்கு மேலதிகக் கதிர் தேவையா என்பதைப் பொறுத்து அது மாறும். பக்கத்து வீட்டு ராத்தாவின் கணக்கு நமக்குப் பொருந்த வேண்டியதில்லை.

அதனால் தெருவில் ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், இடையில் நிறுத்தவும் வேண்டாம். கிளினிக்கில் வைத்தியரிடமே கேட்போம்: "டொக்டர், எனக்கு ஏன் இத்தனை நாள்?" அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுதான்.