ஆறில்லாப் பலகையில் தோணி

சேர் வில்லியம் ஜோன்ஸ் 1790இல் ‘ஏசியாட்டிக் ரிசேர்ச்சஸ்’ இரண்டாம் தொகுதியில் இந்தியச் சதுரங்கம் பற்றி எழுதியபோது, ஒரு தோணி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வங்காளத்தில் நான்கு பேர் சுற்றியிருந்து பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. தேர் நிற்க வேண்டிய மூலையில் அங்கே நௌகா, அதாவது தோணி, நின்றது. அது அங்கே நிற்பது பொருத்தம்தான் என்றார் அவருடைய நண்பர் ராதாகாந்த பண்டிதர். ஜோன்ஸ் ஒப்பவில்லை. பழைய இந்திய வீரர் தேரேறிப் போரிட்டவர்கள். படையெடுப்பில் ஆறு கடக்க நேரும் என்பது உண்மையானாலும், சீனர் பலகையில் இருப்பதுபோல் இந்தியப் பலகையில் ஆறு வரையப்படவில்லை. யானையும் குதிரையும் காலாளும் அணிவகுத்த வெளியில் தோணியைக் கலப்பது அபத்தம். இதுவே அவர் தீர்ப்பு.

அதோடு பண்டிதரின் கட்சி மூடப்பட்டுவிட்டது. பின்வந்தோர் பெரிதும் வேறொரு வழக்கிலேயே மையைச் செலவழித்தார்கள்: நான்கு பேர் ஆட்டம் மூத்ததா, இருவர் ஆட்டம் மூத்ததா? ஹைரம் கொக்ஸும் டங்கன் போர்ப்ஸும் முன்னதன் பக்கம், 1913இல் எச். ஜே. ஆர். மறே அதை மறுத்தார். தோணியின் பக்கம் யாரும் அதிகம் திரும்பவில்லை.

ஜோன்ஸ் ஆற்றைத் தேடிய இடம் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். போர் ஆட்டத்தின் விதிகளை வகுப்பவர் கனரக ஆயுதத்தின் பாரத்தையும் அது சிக்கும் சேற்றையும் பலகையில் வரைந்து காட்ட வேண்டியதில்லை. நடையில் வைத்தாலே போதும்.

இதற்கு அண்மைக் கால உதாரணம் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வோர்ஸ்’. பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் ஆடும் அந்த ஆட்டத்தில் காலாள் ஒரு முறைக்கு ஓரடி போகலாம், குதிரைவீரன் இரண்டடி. பீரங்கிக்கோ ஆறு அங்குலத்துக்குள் தன் பக்கத்து ஆட்கள் நால்வர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நகரவும் முடியாது, சுடவும் முடியாது. நால்வர் இருந்தாலும் ஒரு முறையில் நகர்வது அல்லது சுடுவது, இரண்டில் ஒன்றுதான். இழுத்துப்போன பீரங்கியின் வாய் வந்த திசையையே பார்த்திருக்க வேண்டும். சுடுவதற்கு முன் அதைத் திருப்ப வேண்டும். பாரம், ஆளணி, திருப்பும் நேரம் மூன்றும் விதிக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றைத் தரையில் வரைந்து காட்டவில்லை.

இனி தோணிக்கு வருவோம். இந்த ஆட்டம் பவிஷ்ய புராணத்தில் உள்ளதாக ஜோன்ஸ் எழுதினார்; பின்னர் ஆராய்ந்தோருக்குக் கிடைத்த பாடமோ ரகுநந்தனரின் ‘திதிதத்துவ’த்தில் இருந்தது. அது ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டு. வியாசர் யுதிட்டிரருக்குச் சொல்வதாக அமைந்த அப்பாடத்தின்படி 5 விழுந்தால் அரசனோ காலாளோ, 4க்கு யானை, 3க்குக் குதிரை. 2 விழுந்தால்தான் தோணி அசையும். அசைந்தாலும் கோணல் வாக்கில் இரண்டு கட்டம், அவ்வளவே.

பலகையை விரித்து நகர்த்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். மூலையில் தொடங்கும் தோணி 64 கட்டங்களில் 8ஐ மட்டுமே தொட முடியும். நான்கு மூலைத் தோணிகளுக்கும் தனித்தனி எட்டு. ஒன்றின் கட்டத்தில் மற்றொன்று ஒருபோதும் கால் வைக்காது. ஆக, எந்தத் தோணியும் இன்னொரு தோணியை நேராக வெட்ட வழியில்லை. விதி வகுத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. அதனால்தான் ‘பிருகந்நௌகா’ என்று ஒரு தனி விதி: மூன்று தோணிகள் ஒட்டி நிற்க, நான்காவது வந்து சதுரத்தை நிறைத்தால், வந்தவர் மற்ற மூன்றையும் அள்ளிக்கொள்வார். நட்டநடு நான்கு கட்டங்களிலும் ஆளுக்கொன்றாக நான்கு தோணிகளும் வந்து சேர முடிகிறது. தத்தம் வாய்க்காலில் மட்டும் ஓடுபவை நடு மடுவில் முட்டிக்கொள்வதுபோல.

சான்று மெலிவது இதற்கு அடுத்த இடத்தில்தான். அல்பிரூனி 1030 அளவில் எழுதிய இந்திய நூலிலும் நான்கு பேர் பகடைச் சதுரங்கம் வருகிறது. அங்கேயும் 2க்கு நகரும் காய் கோணலாக மூன்றாம் கட்டத்துக்குப் போகிறது. ஆனால் அதன் பெயர் ருக், அதாவது தேர்க்காயின் பெயர். தோணி அல்ல. அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, ருக்குக்கு 2 என மதிப்பும் சொல்கிறார். காலாள் மட்டுமே அதற்குக் கீழ். ஆக, நடை தோணிக்காகப் பிறந்ததல்ல. நடை முந்தியது, தோணி என்ற பெயர் பிந்தியது. பெயர் மாறிய காலம் 1030க்கும் ரகுநந்தனருக்கும் இடைப்பட்டது என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்ல இடமில்லை.

இது ஜோன்ஸுக்குச் சாதகம்போலத் தெரியலாம். தெரியட்டும். தேரையே எடுத்துக்கொண்டாலும் அது சமதரையில் மட்டும் வீரம் காட்டும் கனரக ஆயுதம்தான். கர்ணனின் சக்கரம் புதைந்த கதை ஊரறிந்தது. முடங்கிய நடையும் இரண்டே மதிப்பும் கொண்ட காயைக் கங்கைக் கழிமுகத்து மக்கள் ஆடியபோது, அதன் நடையில் தேரைவிடத் தோணியையே கண்டிருக்கிறார்கள் என்று கொள்வதில் என்ன அபத்தம்? அல்பிரூனியின் விவரிப்பில் வராத பிருகந்நௌகா விதி வங்காளப் பாடத்தில் வருவதும் இதற்கு ஒத்துப்போகிறது.

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஜோன்ஸுக்கு அபத்தமாகப் பட்டது கிழக்கிலங்கையின் கல்முனைக்காரருக்கு அப்படிப் படாது. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் நாவிதன்வெளிப் பக்கம் போக எந்த வாகனமும் உதவாது, தோணிதான். இதே மட்டக்களப்பு வாவியின் வடக்கே புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையும் அப்படித்தான், நாற்புறமும் நீர். 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் கடல்வழியே வந்தவர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பெரிய பீரங்கியொன்று போகக்கூடிய இடம் பெரும்பாலும் நீர் போகும் இடமாகவே இருந்திருக்கும். (சதுரங்கத்தில் கோட்டை என்று சொல்லிப் பிள்ளைகள் நகர்த்தும் காய் பலகை முழுக்க ஓடுவதைப் பார்த்தால் புளியந்தீவுக் கோட்டைக்குச் சிரிப்பு வரும்.)

ஜோன்ஸ் துணைக்கு அழைத்த சீனப் பலகையும் அவருக்கு முழுத் துணையாக இல்லை. அங்கே யானை கோணலாக இரண்டு புள்ளி போகும், நடுப்புள்ளியில் காய் நின்றால் முடங்கும், ஆற்றைத் தாண்டாது. மொத்தம் 7 புள்ளிகளே அதன் உலகம். ஆற்றைக் கோடாக வரைந்தவர்களும் பாரத்தை நடையில்தான் வைத்தார்கள். பீரங்கி இன்னும் தெளிவு: இடையில் ஒரு காய் நின்றால் மட்டுமே அதைத் தாண்டி வெட்டும். கொரிய ஆட்டத்தில் வெறுமனே நகர்வதற்கும் இடைக்காய் வேண்டும். அங்கே பீரங்கி பீரங்கியைத் தாண்டாது, வெட்டாது.

ஒரு முடிச்சு மட்டும் அவிழ மறுக்கிறது. தாய்லாந்துச் சதுரங்கமான மக்ருக்கில் மூலைக்காயின் பெயர் ‘ருவா’, அதுவும் தோணிதான்; ஆனால் அது நேர்கோட்டில் தடையில்லாமல் ஓடுகிறது. இன்றைய வங்காளியும் சாதாரணச் செஸ்ஸின் மூலைக்காயை நௌகா என்றே அழைக்கிறார், அதுவும் பலகையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரே மூச்சில் போகிறது. தோணி என்ற பெயர் நடையிலிருந்து பிறந்தது என்ற வாதம் நான்கு பேர் பலகைக்கு மட்டுமே செல்லும். மீகாங் கரையிலும் ஹூக்ளிக் கரையிலும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.