அயல்நாட்டில் கடன் அட்டை: லாஸ்பேட்டையின் பெயர் சொல்லும் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ புதிதாகச் சென்ற பிள்ளை வீட்டுக்குச் சொல்லும் செய்திகளுள் ஒன்று, வங்கி தனக்குக் கடன் அட்டை தர மறுத்துவிட்டது என்பதாகும். லாஸ்பேட்டையில் இருக்கும் பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. எவருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தறியாத குடும்பம். பிள்ளைக்கு நல்ல வேலை. பிறகு ஏன் மறுப்பு? விடை எளியது. ஊரில் ஈட்டிய நற்பெயர் கடல் கடந்தவுடன் கூட வருவதில்லை. அந்நாட்டு வங்கியைப் பொறுத்தவரை அவர் நேற்றுப் பிறந்தவர். கடன் வாங்காதவர் என்பது நாணயத்தின் அடையாளமாக அன்றி, அறிய எதுவும் இல்லாதவர் என்பதற்கான அடையாளமாகவே அங்குக் கொள்ளப்படுகிறது.

அந்நியர் ஒருவரை எப்படி நம்புவது என்னும் இக்கேள்வி வணிகம் தோன்றிய நாளிலிருந்தே உண்டு. நம் மார்க்கம் அதற்குத் தெளிவான மூன்று வழிகளைக் காட்டியிருக்கிறது. முதலாவது எழுத்து. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. இரண்டாவது அடைமானம். பயணத்தில் எழுதுபவர் கிடைக்காதபோது அடைமானம் கொள்ளலாம் என்பதை அடுத்த வசனம் கூறுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது, குடும்பத்தின் உணவுக்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக அவர்களின் போர்க்கவசம் மதீனாவின் யூதர் ஒருவரிடம் அடைமானத்தில் இருந்தது. மூன்றாவது பிணை. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்த நபியவர்கள் முன்வராது நின்றபோது, அக்கடனுக்குத் தாம் பொறுப்பு என்று அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பின்னரே தொழுகை நடைபெற்றது. வளைகுடா சென்றோர் நன்கறிந்த ‘கஃபீல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பிணை நிற்பவர் என்பதே.

இம்மூன்றின் துணையால் முஸ்லிம் வணிகர்களின் சொல் பாலைவனங்களைக் கடந்து செல்லுபடியாயிற்று. 10ஆம் நூற்றாண்டுப் பயணியான இப்னு ஹவ்கல், சஹாராவின் தென் விளிம்பிலிருந்த அவ்தகஸ்த் நகரில், 42,000 தீனாருக்கான கடன் சீட்டு ஒன்றைக் கண்டதாகப் பதிவு செய்துள்ளார். அப்பணத்தைச் செலுத்த வேண்டிய கடனாளி, பாலைவனத்தின் மறுபுறம், இன்றைய மொரோக்கோவிலுள்ள சிஜில்மாசாவோடு தொடர்புடையவர். அச்சீட்டின் பெயர் ‘ஸக்’. இன்று நாம் கூறும் ‘செக்’ அச்சொல்லிலிருந்தே வந்தது என்பர். அந்தத் தாளுக்குப் பின்னால் உண்மையான சரக்கும், பெயர் தெரிந்த மனிதரும், எழுதிய சாட்சியமும் இருந்தன.

இவை இல்லாமல் தாள் மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை; நம் ஊரின் பெயரே அதற்குச் சான்று. ‘லாஸ்பேட்டை’ என்பதிலுள்ள ‘லா’, 1765 முதல் 1777 வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோன் என்பவரைக் குறிக்கிறது. 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரை மீண்டும் எழுப்பியவர் அவர். அவருடைய பெரிய தந்தைதான் ஐரோப்பிய நிதி வரலாற்றில் பெயர்பெற்ற ஜான் லா.

ஜான் லாவும் அயல்நாட்டில் அங்கீகாரம் தேடிய ஒருவரே. 1671இல் எடின்பரோவில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1694இல் லண்டனில் நடந்த வாள்சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு நாட்டைவிட்டுத் தப்பினார். சூதாட்ட மேசைகளில் பொருளீட்டிய அவரைப் பிரெஞ்சு அரசு நம்பியது. 1716இல் பாரிஸில் வங்கி தொடங்கிக் காகிதப் பணம் வெளியிட அனுமதி பெற்றார். 1719இல் கிழக்கிந்திய வணிகக் குழுவையும் தம் நிறுவனத்தோடு இணைத்துக்கொண்டார். புதுச்சேரி அந்த நிறுவனத்தின் உடைமையாயிற்று. 500 லிவ்ர் முகமதிப்புள்ள பங்கு ஏறத்தாழ 10,000 லிவ்ர் வரை ஏறியது. 1720 தொடக்கத்தில் பிரான்சின் நிதிப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எல்லாம் சரிந்தது. காகிதத்தைக் கொடுத்துப் பொன் கேட்டவர்களுக்குக் கொடுக்கப் பொன் இல்லை. ஜான் லா பிரான்சைவிட்டு வெளியேறி, 1729இல் வெனிஸ் நகரில் மறைந்தார். ஓர் அரசே அங்கீகாரம் அளித்தாலும், திருப்பிச் செலுத்தும் வலிமை அதனால் வந்துவிடாது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

நம் முன்னோர் கடல் கடந்து சென்றபோது நம்பிக்கையை வேறுவிதமாகத் தேடினர். சைகோன் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்த பின், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் பலர் அங்குச் சென்றனர். முஸ்லிம்கள் பலர் துணி வணிகத்தில் ஈடுபட்டனர். புதிதாக வருபவர் உறவினர் அல்லது ஊர்க்காரர் கடையில் தங்கித் தொழில் கற்றார். அவரை அறிந்தவர் சொல்லே அவருக்கு ஆவணம். 1935இல் சைகோனின் டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஜமாஅத் ஒன்று உள்ள இடத்தில் எவரும் முற்றிலும் அந்நியராக இருப்பதில்லை.

கடன் அட்டை அந்த அறிமுகத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் தன் அட்டையை அறிமுகப்படுத்தியது. பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வட்டி கட்டும் முறையை அது பரவலாக்கியது. பிரான்சில் 1967இல் ‘கார்த் ப்ளூ’ வந்தது. அங்குப் பெரும்பாலோர் வைத்திருக்கும் அட்டை, கணக்கிலிருந்து உடனேயோ மாத இறுதியிலோ பணம் கழியும் அட்டையே. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

வங்கி ஒப்புதல் தரும் முறையைக் கவனித்தால், பழைய மூன்று வழிகளே புதிய உடையில் நிற்பதைக் காணலாம். எழுத்துக்குப் பதிலாகக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவு: இந்தியாவில் சிபில் 2000இல் தொடங்கப்பட்டது, அமீரகத்தில் அல் இத்திஹாத் நிறுவனம் 2014 முதல் அறிக்கை வழங்குகிறது. ஒரு நாட்டின் பதிவு பொதுவாக இன்னொரு நாட்டில் செல்லாது. பிணைக்குப் பதிலாக வேலை தருபவரின் சம்பளச் சான்று. அடைமானத்துக்குப் பதிலாக வைப்புத்தொகை: குறிப்பிட்ட தொகையை வங்கியில் வைத்து, அந்த அளவுக்குள் செலவிடும் அட்டையைப் பெறலாம். புதியவருக்கு எளிதில் கிடைப்பது பெரும்பாலும் இதுவே.

ஆயினும், கிடைப்பதெல்லாம் ஆகுமானதா என்பது தனிக் கேள்வி. 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி நிபந்தனையோடு கூடிய கடன் அட்டை கூடாது என்றும், தவணைக்குள் செலுத்திவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் முடிவு செய்தது. வட்டி நிபந்தனை இல்லாத அட்டையை அது அனுமதித்தது. வேறு அட்டை கிடைக்காத நிலையில், முழுத் தொகையையும் தவணைக்குள் செலுத்தும் உறுதியுடையவருக்குச் சில அறிஞர்கள் இடமளிக்கின்றனர். பாக்கி வைத்து வட்டி கட்டுவதை இரு சாராரும் ஹராம் என்றே கூறுகின்றனர். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று வரும் அறிவிப்பு, அந்த வட்டிக்கான அழைப்பே ஆகும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை புறப்படும்போது முதல் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் கொடுத்தனுப்புங்கள். இயலாதவர்க்கு உறவினரும் ஜமாஅத்தாரும் வட்டியில்லா அழகிய கடன் வழங்கலாம். அட்டை வாங்கும் முன் அதன் ஒப்பந்தத்தைப் படித்து, ஆலிம் ஒருவரிடம் கேட்டறியச் சொல்லுங்கள். வாங்கிய கடன் எதுவாயினும் வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும், எழுதியும் வைக்கட்டும். அயல்நாட்டில் திடீரென மறைந்தவரின் கடன், மனைவி மக்களுக்குத் தெரியாமலேயே நின்றுவிடக்கூடும். அந்த ஜனாஸாவின் முன் நபியவர்கள் கேட்ட கேள்வி, அவருக்குக் கடன் உண்டா என்பதே. அதற்கு விடை சொல்ல நம் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

யா அல்லாஹ், ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக. கடன் சுமையிலிருந்து எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக. ஆமீன்.